படைவீரர், வயது வந்தோர் தடுப்பூசி வரலாறு

வயது வந்தோரில் தடுப்பூசி முதன்முதலில் ஒழுங்காகச் சென்று சேர்ந்தது படைவீரர்களிடம்தான். பாசறையில் நெருங்கிப் படுப்பதும், ஒரே தண்ணீரைக் குடிப்பதும், பழகாத நாட்டுக்குப் போவதும் அவர்களை நோய்க்கு எளிதில் ஆளாக்கின. 19ஆம் நூற்றாண்டு முடியும்வரை பெரும்பாலான போர்களில் ஆயுதத்தால் மாண்டவர்களைவிட நோயால் மாண்டவர்களே மிகுதி. படையில் சேர்வோர் ஒரே வாசல் வழியாக வருகிறார்கள், பெயர்ப் பதிவேட்டில் இடம்பெறுகிறார்கள், ஆணைக்குக் கட்டுப்படுகிறார்கள். இம்மூன்றும் வாய்க்காத பிற வயது வந்தோரிடம் தடுப்பூசி மெதுவாகவே பரவியது.

பெரியம்மை

1775–76 குளிர்காலத்தில் கியூபெக் நகரைப் பிடிக்கச் சென்ற அமெரிக்க விடுதலைப் படை பெரியம்மையால் நிலைகுலைந்தது. தளபதிகளுள் ஒருவரான ஜான் தாமஸ் 1776 ஜூனில் அந்நோய்க்கே பலியானார். இளமையில் பார்படோஸ் தீவில் அம்மை கண்டு மீண்டிருந்த ஜார்ஜ் வாஷிங்டன், 1777 தொடக்கத்தில் தம் படையினருக்கு அம்மை குத்த ஆணையிட்டார். அன்றைய முறை, நோயாளியின் கொப்புளச் சீழைத் தோலில் கீறி ஏற்றுவது. அதனால் சிலர் இறந்துபோவதும் உண்டு. குத்திக்கொண்டவர் வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பதால், எதிரிக்குத் தெரியாமல் பகுதி பகுதியாக வேலை நடந்தது.

1796இல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் குத்தும் முறையைச் சோதித்துக் காட்டிய பின் ஆபத்து பெரிதும் குறைந்தது. நெப்போலியன் 1805இல் தம் படையினருக்கு அதைப் போடச் செய்தார். குழந்தைப் பருவத்தில் குத்தியதன் காப்பு நாளடைவில் மங்குவதைக் கண்ட பிரஷ்யா, 1834 முதல் படையில் சேர்வோர் அனைவருக்கும் மீண்டும் குத்தியது. 1870–71இல் பிரான்சுடன் நடந்த போரில் பிரெஞ்சுப் படையில் பெரியம்மை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஜெர்மானியத் தரப்பில் இறந்தோர் சில நூறு பேரே. இந்த வேறுபாடு 1874இல் ஜெர்மனி குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைச் சட்டமாக்கத் தூண்டுகோலானது.

டைபாய்டு

1896இல் நெட்லியிலிருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் பள்ளியில் ஆல்ம்ராத் ரைட் டைபாய்டு தடுப்பூசியை உருவாக்கினார். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் வீரர்களிடமும் அது சோதிக்கப்பட்டது. ஆனால் 1899–1902 போயர் போரில் ஊசி அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. தென்னாப்பிரிக்கா சென்ற மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களில் சுமார் 14,000 பேர் மட்டுமே போட்டுக்கொண்டனர். டைபாய்டு கண்டவர்கள் 50,000க்கும் அதிகம். வில்லியம் லீஷ்மன் ஊசியை மேம்படுத்திய பின், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களில் மிகப் பெரும்பாலோர் அதைப் போட்டிருந்தனர். 1898 ஸ்பானியப் போரின்போது முகாம்களிலேயே 20,000க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு டைபாய்டு பரவக் கண்ட அமெரிக்க ராணுவம், 1911இல் ஊசியைக் கட்டாயமாக்கியது.

இரண்டாம் உலகப் போர்

டெட்டனஸ் எனும் ரணஜன்னிக்கான ஊசி 1941 முதல் அமெரிக்க வீரர் அனைவருக்கும் போடப்பட்டது. போர் முழுவதிலும் அப்படையில் பதிவான ரணஜன்னி நோயாளிகள் 12 பேர்தான். தாமஸ் பிரான்சிஸ், ஜோனஸ் சால்க் ஆகியோரின் இன்ஃபுளுயென்சா ஊசி 1945இல் படை முழுவதற்கும் வந்தது.

இதே காலத்தில் ஒரு பெரும் தவறும் நேர்ந்தது. மனித ரத்தச் சீரம் சேர்த்துத் தயாரித்த மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வழியாகக் கல்லீரல் அழற்சிக் கிருமி பரவியதால், 1942இல் சுமார் 50,000 அமெரிக்க வீரர்கள் மஞ்சள் காமாலையுடன் மருத்துவமனையில் சேர்ந்தனர். அதன் பிறகு சீரம் சேர்க்கப்படவில்லை.

வழங்கல் தடையும் மறுப்பும்

பயிற்சி முகாம்களில் காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்கும் அடினோ வைரசுக்கு எதிரான மாத்திரையை அமெரிக்கப் படைகள் 1971 முதல் கொடுத்துவந்தன. அதைத் தயாரித்த ஒரே நிறுவனம் 1990களின் நடுவில் உற்பத்தியை நிறுத்தியது. 1999இல் கையிருப்பு தீர்ந்ததும் நோய் முகாம்களுக்குத் திரும்பியது. புதிய மாத்திரைக்கு 2011இல்தான் ஒப்புதல் கிடைத்தது.

அமெரிக்கப் படைகளில் 1998இல் தொடங்கிய ஆந்த்ராக்ஸ் ஊசித் திட்டத்தைப் பல வீரர்கள் மறுத்துத் தண்டனை பெற்றனர். 2004இல் நீதிமன்றம் அதன் கட்டாயத்துக்குத் தடை விதித்தது. 2021 ஆகஸ்டில் கோவிட் ஊசி கட்டாயமானபோது மிகப் பெரும்பாலோர் போட்டுக்கொண்டனர். மறுத்த 8,000க்கும் மேற்பட்டோர் படையிலிருந்து விடுவிக்கப்பட்டனர். 2023 ஜனவரியில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆணையால் ஊசி போட்டோர் விகிதம் உயர்ந்தாலும், ஊசியின் மீதான நம்பிக்கை ஆணையால் மட்டும் வருவதில்லை என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டின.

பிற வயது வந்தோர்

குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை ஒரு வாசலாக அமைகிறது. வளர்ந்தவர்களில் மருத்துவப் பணியாளர், ஹஜ் பயணிகள் போன்ற சில குழுவினருக்கே அப்படியொரு வாசல் உண்டு. 65 வயது கடந்தோர் இன்ஃபுளுயென்சா ஊசி போட வேண்டுமென்று அமெரிக்க அரசு 1960இலேயே பரிந்துரைத்தது. முதியோரில் 75 சதவீதத்தினரை 2010க்குள் எட்ட வேண்டுமென உலக சுகாதார மன்றம் 2003இல் இலக்கு வைத்தது. பல நாடுகள் அதை எட்டவில்லை. குடும்ப மருத்துவரின் பதிவேட்டைக் கொண்டு முதியோரை அழைத்து இலவசமாக ஊசி போடும் இங்கிலாந்தில் 2020–21இல் அந்த விகிதம் 80 சதவீதத்தைத் தாண்டியது.

இந்தியாவில் 1985இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் மையமாகக் கொண்டது. வயது வந்தோருக்கென நாடு தழுவிய பெரும் இயக்கம் 2021 ஜனவரி 16 அன்று கோவிட் ஊசியுடன் தொடங்கியது. முதலில் மருத்துவப் பணியாளர்கள், அடுத்துப் படையினர், காவலர் உள்ளிட்ட முன்களப் பணியாளர்கள், பின்னர் பொதுமக்கள் என்ற வரிசையில் 220 கோடிக்கும் மேற்பட்ட தவணைகள் போடப்பட்டன.