கதிரொளியும் கன்னித் தமிழும்

விஞ்ஞானம் படிக்கப் போகும் பிள்ளைக்குத் தமிழ் எதற்கு என்ற கேள்வி, வேங்கிக்காலில் ஆகட்டும், காயல்பட்டினத்தில் ஆகட்டும், நம் இல்லங்களில் அடிக்கடி எழுகிறது. இதற்கு விடையாக ஒரு தமிழரின் வரலாற்றை நாம் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பல்லாண்டுகள் ஆய்வுப்பணி புரிந்த டாக்டர் கு. கல்யாணசுந்தரம் அவர்களே அவர்.

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியில் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. உலக நாடுகளின் கவனம் சூரியன் பக்கம் திரும்பியது. இளம் இரசாயன அறிஞராயிருந்த கல்யாணசுந்தரம் அக்காலத்தில் அமெரிக்காவின் நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ஒளி இரசாயனம் பயின்றார். பேராசிரியர் தாமசுடன் இணைந்து 1977இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பைரீன் என்னும் பொருள் உமிழும் ஒளியைக் கொண்டே அதன் சூழலின் தன்மையை அறியும் வழியைக் காட்டிற்று. பின்னர் இலண்டனில், நோபெல் பரிசு பெற்ற ஜார்ஜ் போர்ட்டரிடம் ஆய்வு செய்தார். அதன் பின் லோசானில் மைக்கேல் கிரெட்செல் குழுவில் சேர்ந்து, ஒளியின் துணையால் நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் முயற்சியில் ஈடுபட்டார்.

அக்குழுவின் பெரும் சாதனை 1991இல் வெளிவந்தது. வெள்ளைப் பெயிண்டில் கலக்கும் டைட்டானியம் டை ஆக்சைடை மிக நுண்ணிய துகள்களாகக் கண்ணாடியில் பூசி, அதன்மீது சாயம் ஏற்றினார்கள். சாயம் ஒளியை வாங்கி எலக்ட்ரானை விடுக்கிறது. துகள்கள் அதனைக் கடத்துகின்றன. சுற்றியுள்ள அயோடின் கரைசல் சாயத்தின் இழப்பை ஈடுசெய்கிறது. இலை ஒளியை ஏற்கும் முறையை ஒத்த ஏற்பாடு இது. ஒளியில் ஏறத்தாழ 7 விழுக்காடு மின்சாரமாயிற்று. 1993இல் அதனை 10 விழுக்காடாக உயர்த்திய ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்ற முகம்மது காஜா நசீருத்தீன் அவர்கள். இத்தகைய சாயங்களின் ஒளி இரசாயனம் குறித்து 1992இல் நூலெழுதிய கல்யாணசுந்தரம், சாயமேற்றிய சூரிய மின்கலங்கள் பற்றிய தொகுப்பு நூலை 2010இல் பதிப்பித்தார்.

இத்தனை பணிகளுக்கிடையேயும் அவர் தாய்மொழியை மறந்தாரில்லை. கணிப்பொறியில் தமிழ் எழுதுவதற்கு மயிலை என்னும் எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று மதுரைத் திட்டம் அவர் தலைமையில் தொடங்கிற்று. பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதியும் பிழை திருத்தியும் இணையத்தில் ஏற்றினார்கள். அச்சுப்பிரதி கிடைக்காத நாட்டிலும் நூலை விலையின்றிப் படிக்க வழி பிறந்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அவ்வரிசையில் இடம்பெற்றது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அக்காப்பியத்தைப் பிறநாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் இன்று தம் வீட்டிலிருந்தே படிக்க முடிகிறது.

ஒளி இரசாயனத்தில் பெயர் பெற்றவருக்குத் தமிழ் சுமையாக இருக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு மட்டும் அது சுமையாகிவிடும் என்று நாம் அஞ்சுவது ஏன்? இரண்டையும் அவர்கள் கையில் கொடுப்போம்.