பீட்டர் தங்கராஜ்

பீட்டர் தங்கராஜ் (1935–2008) இந்தியக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். மெல்போர்ன் (1956), ரோம் (1960) ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்ற அணிகளிலும், 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற அணியிலும் இருந்தவர்.

ஐதராபாத்தில் பிறந்து, செகந்திராபாத் கிளப்புகளில் ஆடிப் பழகியவரை ஆட்டக்காரராக வார்த்தெடுத்தது நீலகிரி. 1953இல் ராணுவத்தில் சேர்ந்து, குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்கு வந்தார். அப்போது அவர் கோல் போடுகிறவர், சென்டர் பார்வர்டு! கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றது பிறகுதான். ஆறடியைத் தாண்டிய உயரம் அங்கே பெரிய சொத்தானது. கார்னரிலிருந்து எதிரணி தூக்கியடிக்கும் பந்தை, முன்கள வீரனின் தலை தொடுமுன் இரு கைகளால் பறித்துவிடுவார். மழையில் நனைந்தால் கனத்துப்போகும் தோல் பந்து அன்று.

ராணுவ அணிகள் பெரிய கிளப்புகளுக்குச் சமமாக நின்ற காலம் அது. சிம்லாவில் 1888இல் தொடங்கிய டியூரண்ட் கோப்பையை வெலிங்டன் அணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் வென்றது. ‘தம்பிகள்’ என்று ராணுவத்தில் அழைக்கப்படும் மதராஸ் ரெஜிமெண்டின் இந்த வெற்றிகள் தமிழ்நாட்டில் இன்று அதிகம் பேசப்படாதது வியப்புதான். 1960இல் தங்கராஜ் தலைமையில் சர்வீசஸ் அணி சந்தோஷ் கோப்பையையும் கைப்பற்றியது.

இந்திய அணியும் அப்போது ஏறுமுகத்தில் இருந்தது. 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று நொறுங்கிய அணி, பயிற்சியாளர் சையத் அப்துல் ரகீமின் கையில் நான்கே ஆண்டுகளில் ஒலிம்பிக் அரையிறுதிவரை போய் நான்காம் இடம் பிடித்தது. ரோமில் பிரான்சுடன் 1–1 எனச் சமன் செய்தது. ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்ற பெயர் 1958இல் தங்கராஜுக்குக் கிடைத்தது.

ஜகார்த்தா வேறு கதை. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி கண்டிக்க, ஊரே இந்தியர்கள்மேல் கொதித்தது. களத்திலும் சிக்கல்: முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0–2 தோல்வி, தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் தையல், தங்கராஜுக்குக் காய்ச்சல். செப்டம்பர் 4, இறுதியாட்டம். எதிரே அதே கொரியா. ரகீம் துணிந்து முடிவெடுத்தார். தையல் போட்ட தலையோடு ஜர்னைல் முன்களத்தில் இறங்க, காய்ச்சலிலிருந்து மீண்ட தங்கராஜ் கோலில் நின்றார். பி.கே. பானர்ஜியும் ஜர்னைலும் முதல் இருபது நிமிடங்களுக்குள் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். கொரியா கடைசி நேரத்தில் ஒன்று திருப்பியது, அதற்குமேல் முடியவில்லை. 2–1. அரங்கம் முழுக்க எதிர்ப்புக் கூச்சலுக்கு நடுவே வந்த தங்கம் இது.

கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனால் ரசிகர்கள் பகைக்கும் ஊர் அது. 1967இல் அர்ஜுனா விருது, 1971இல் ஓய்வு. பின்னர் கோவாவின் வாஸ்கோ அணிக்குப் பயிற்சியளித்து, பொக்காரோவில் குடியேறிய அவர், 2008 நவம்பர் 24 அன்று அங்கேயே காலமானார்.