நாடாவில் காத்திருந்த குரல்கள்

தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்தால் செய்தியாளர்கள் வெளியூரிலிருந்து வருகிறார்கள். மலையடிவாரத்து இளைஞர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாய்ப் படத்தின் ஓரத்தில் நிற்கிறார்கள். ஒலிவாங்கியை அவர்களிடமே கொடுத்தால் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு மாச்சனூர்க் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அந்தத் தொண்ணூறுகளின் இறுதியிலேயே, அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்து மாச்சனூரில், டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி யுனெஸ்கோ உதவியுடன் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தது. நரசம்மா என்றே பெயர்கொண்ட இரு தலித் இளம்பெண்கள் பதிவும் தொகுப்பும் கற்றனர். விதை, பண்டிகை, பாட்டு என நாடாக்கள் நிறைந்தன, உரிமம்தான் வரவில்லை. நாடாக்களைச் சங்கக் கூட்டங்களில் ஓடவிட்டுக் கேட்டனர்.

2002ஆம் ஆண்டுக் கொள்கை கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே இடமளித்தது. அதன்படி 2004 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகப் பண்பலை முதலில் ஒலித்தது. தன்னார்வ அமைப்புகளுக்குக் கதவு திறந்தது 2006இல். சங்கம் வானொலி காற்றில் ஏறியது 2008 அக்டோபர் 15 அன்று. கற்ற தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு ஏறத்தாழப் பத்தாண்டுக் காத்திருப்பு!

இன்றும் சமுதாய வானொலி தானே செய்தி திரட்டி ஒலிபரப்ப இயலாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மட்டுமே எடுத்தாளலாம். தொப்பூர் இளைஞர் பயிற்சி பெற்று வந்தாலும், சமுதாய வானொலியில் தம் ஊர்ச் செய்தியைத் தாமே திரட்டி வாசிக்க முடியாது.