வயிறு நிறைந்தாலும் வாடும் உடல்

எங்கள் உருத்திரபுரம் இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயலூர். ஆனால் சோறு இருந்தால் மட்டும் போசாக்கு இருப்பதாகாது.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எம்மவர் பலரின் உயிரைப் பிடித்து வைத்தது உப்புக் கஞ்சி. ஆனால் கஞ்சியில் இருப்பது பெரும்பாலும் மாச்சத்துத்தான். புரதமும் சக்தியும் போதாத உடல் தன் தசையையே கரைத்து எரிக்கிறது. சில பிள்ளைகளுக்குக் காலும் முகமும் வீங்கும். அதைக் கொழுப்பென்று நினைத்துவிடக்கூடாது. இரும்புச்சத்துக் குறைந்தால் குருதிச்சோகையும் களைப்பும் வரும். விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண். அயடீன் குறைந்தால் கழுத்தில் கழலை.

கருவுற்ற நாளிலிருந்து இரண்டு வயது வரையான 1,000 நாட்களே முக்கியமானவை. அப்போது குன்றிய வளர்ச்சியைப் பின்னர் மீட்பது கடினம். ஆகவே வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் கர்ப்பிணித் தாயாக இருக்கக்கூடாது.

முருங்கையிலை, பயறு, நெத்தலி நம் கைக்கெட்டியவை. சோற்றோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். தேசிக்காய்ப் புளி அதைக் கூட்டும். கிளினிக்கில் தரும் திரிபோசாவை வீட்டார் எல்லோரும் பங்கிட்டால், உரிய தாய்க்கும் பிள்ளைக்கும் போதாது.

பிள்ளையை மாதந்தோறும் நிறுத்துப் பாருங்கள். மெலிவு கண்ணில் படுமுன்னரே நிறைக்கோடு சரியத் தொடங்கிவிடும்.