காலிங்குலாவும் தொடர்புடைய சொற்களும்

காலிங்குலா என்பது கலிங்கு அல்லது கலிங்கல் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற நீர்ப்பாசனச் சொல்லாகும். கண்மாய் நிறைந்தபின் மிகும் நீர் தானாக வழிந்து வெளியேறுவதற்காகக் கரையின் ஒரு பகுதியில் தாழ்வாகக் கட்டப்படும் கல் அமைப்பை இது குறிக்கும். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணப் பாசன அறிக்கைகளில் மிகுதியாக வழங்கிய இச்சொல், இன்று ஆங்கிலத்தில் அரிதாகிவிட்டது. ஸ்லூஸ், வியர், அணிகட் ஆகிய சொற்களோடு இது குழப்பிக்கொள்ளப்படுவதும் உண்டு.

சொல் வழங்கும் நிலம்

புதுக்கோட்டை மாவட்டம், குளத்தூர் வட்டத்தின் தலைமையிடம் கீரனூர். இது திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் வழியில் உள்ளது. வற்றாத ஆறு இல்லாத இப்பகுதியில் வேளாண்மை பெரிதும் வடகிழக்குப் பருவமழையையும் அதைத் தேக்கும் கண்மாய்களையும் நம்பியிருந்தது. மாவட்டத்தில் 5,000க்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் உள்ளன. பல கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்தவை; மேல் கண்மாயில் மிகும் நீரே கீழ் கண்மாய்க்கு வரத்து. இத்தகைய நிலத்தில் நீர் எந்த வழியில், யாருடைய விருப்பத்தால் வெளியேறுகிறது என்பது முக்கியமானது. அதனால் ஒவ்வொரு வழிக்கும் தனிப்பெயர் ஏற்பட்டது.

அகராதி தந்த பொருள்

யூல், பர்னல் ஆகியோர் தொகுத்து 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியில் காலிங்குலா இடம்பெற்றுள்ளது. தமிழ் மூலத்தைச் சரியாகக் காட்டும் அந்நூல், பொருள் கூறும்போது ஸ்லூஸ் என்றும் எஸ்கேப் என்றும் இரண்டையும் சேர்த்தே தருகிறது. எஸ்கேப் என்பது மிகுநீர் தப்பும் வழி, கலிங்குக்குப் பொருந்தும். ஸ்லூஸ் என்பது மதகு, கலிங்குக்குப் பொருந்தாது.

கலிங்கும் மதகும்

ஸ்லூஸ் என்ற ஆங்கிலச் சொல், அடைத்து வெளியே நிறுத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அடைப்பும் திறப்பும் அதன் அடிப்படை. தமிழில் மதகு, மடை, தூம்பு, குமிழி ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. குமிழித் தூம்பு கண்மாயின் உட்புறத்தில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி அமைக்கப்படும். இரு கல்தூண்களுக்கு இடையே, அடியிலுள்ள கல்தொட்டியின் துளையை ஒரு அடைப்பு மூடியிருக்கும். அதைத் தூக்கினால் நீர் கரைக்கு அடியிலுள்ள கால்வாய் வழியாக வயலுக்குச் செல்லும். நீரோடித் துளைக்குக் கீழே வண்டலை வெளியேற்றச் சேறோடித் துளையும் உண்டு. புதுக்கோட்டை வட்டாரத்தில் குமிழிக் கற்களில் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன.

மதகு கண்மாயின் அடிமட்டத்தில் இருப்பது. மனிதர் திறந்தால்தான் நீர் தரும். கலிங்கு மேல்மட்டத்தில் இருப்பது. நீர் அதன் உயரத்தைத் தொட்டால் யாரையும் கேட்காமல் வழியும். மதகு வயலுக்கானது, கலிங்கு கரையைக் காப்பதற்கானது.

வியர், அணிகட்

வியர் என்பது நீரோட்டத்தின் குறுக்கே கட்டி, மேலே நீர் வழியவிடும் எந்தத் தடுப்பையும் குறிக்கும் பொதுச்சொல். எனவே கலிங்கு ஒருவகை வியர்தான். ஆனால் எல்லா வியரும் கலிங்கு அல்ல. அணைக்கட்டு என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்த அணிகட், ஆற்றின் குறுக்கே கட்டி நீரைக் கால்வாய்க்குத் திருப்புவது. ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தில் தொடங்கிய மேலணை இதற்கு எடுத்துக்காட்டு. அணிகட் நீரைக் கொண்டுவருவதற்கானது. காலிங்குலா மிகுநீரை அனுப்புவதற்கானது.

உயரமும் உரிமையும்

கலிங்கின் தளமட்டமே கண்மாயின் முழுக் கொள்ளளவைத் தீர்மானிக்கிறது. பல கலிங்குகளின் மேல் சிறிது இடைவெளிவிட்டுக் கற்கள் நிறுத்தப்பட்டிருக்கும். பெருமழை ஓய்ந்தபின் அந்த இடைவெளிகளை மண்ணாலோ பலகையாலோ அடைத்து, கூடுதலாகச் சிறிது நீரைத் தேக்குவது வழக்கம். மழை தொடரும்போதே அடைத்தால் கரை உடையும் ஆபத்து உண்டு. கலிங்கை நிரந்தரமாக உயர்த்தினால் மேற்புற நிலங்கள் மூழ்கும். கீழ் கண்மாய்க்கு வரத்துக் குறையும். தாழ்த்தினால் சொந்த ஆயக்கட்டுக்கே நீர் போதாது. இதனால் கலிங்கின் உயரம் என்பது ஊர்களுக்கிடையே எழுதப்படாத பங்கீடாகவும் இருந்தது. 'காலிங்குலா அடைக்கப்பட்டது' என்ற குறிப்பை மதகு மூடப்பட்டதாகப் படித்தால், வயலுக்கு நீர் நின்றது என்று தோன்றும். உண்மையில் அது கண்மாயில் நீர் உயர்த்தப்பட்டதையும், கரைக்கும் பக்கத்து ஊருக்கும் ஏற்பட்ட கவலையையும் சொல்லும்.

பிற வட்டார வழக்குகள்

திருநெல்வேலிப் பகுதியில் மிகுநீர் வழிவதை 'மறுகால் பாய்கிறது' என்பர். வட மாவட்டங்களில் 'ஏரி கோடி போகிறது' என்பர். இலங்கைத் தமிழில் குளம் 'வான் பாய்கிறது'. அங்கு மதகுக்குத் துருசு என்று பெயர். பெயர்கள் மாறினாலும், திறந்துவிடும் நீருக்கும் தானாக வழியும் நீருக்கும் உள்ள வேறுபாட்டை எந்த வழக்கும் விட்டுவிடவில்லை. இன்றைய பொறியியல் நூல்களில் காலிங்குலாவின் இடத்தை சர்ப்ளஸ் வியர் என்ற தொடர் பிடித்துக்கொண்டது. பழைய பாசன ஆவணங்களில் காலிங்குலாவைக் காணும் மாணவர் அதைக் கலிங்கு என்றே கொள்ளலாம். மதகு என்று கொள்வது பொருந்தாது.