திருச்சின்னமும் டிரம்பெட்டும்

கோயிலில் ஊதப்படும் திருச்சின்னத்திற்கு எண்ணெய் வேண்டுவதில்லை. கொம்பும் எக்காளமும் அத்தகையனவே. அவற்றுள் அசையும் உறுப்பு ஒன்றுமில்லை. ஊதுவோனின் உதடும் மூச்சுமே சுரத்தை மாற்றுகின்றன. திருநெல்வாயில் அரத்துறையில் ஞானசம்பந்தர் முத்துச்சிவிகை, குடை ஆகியவற்றோடு சின்னமும் பெற்ற வரலாற்றைச் சேக்கிழார் பாடியுள்ளார். அத்துணைப் பழமையுடைய கருவியைப் பேணுவதும் எளிது: ஏனைய பித்தளைப் பொருள்களைப்போல் துலக்கி வைத்தால் போதும்.

இவ்வெளிமையில் ஒரு குறை உண்டு. ஒரே நீளமுள்ள குழாயில் இயற்கையாக எழும் சில சுரங்களே கிடைக்கும், இடைப்பட்டவை கிட்டா. மேனாட்டாரும் நெடுங்காலம் இக்குறையோடுதான் ஊதினர். சுருதி மாறும்போதெல்லாம் வேறொரு வளைகுழாயைச் செருகிக்கொண்டனர். டிராம்போன் இதற்கு விலக்கு. நீண்டு குறுகும் குழாய் அதற்கு 15ஆம் நூற்றாண்டிலேயே அமைந்துவிட்டது.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் மேனாட்டு இசைக்குழு ஒன்றை அரண்மனையில் வைத்திருந்தார். ஸ்டோல்செல், புளூமெல் என்னும் செருமானியர் இருவரும் வால்வுக்குப் பெர்லினில் உரிமை பெற்றதோ 1818இல்தான். ஆதலின் அதற்குமுன் தஞ்சைக்கு வந்த டிரம்பெட்டும் ஹார்னும் வால்வு அற்றவை என்று கொள்ளுதல் தகும். மேனாட்டு எக்காளம் நம் நாட்டில் அடியெடுத்து வைத்தபோது நம் எக்காளத்திற்கு நெருங்கிய உறவாகவே இருந்தது! பலரும் கருதிப் பாராத செய்தி இது.

1839இல் பாரிசு நகரத்துப் பெரினே திருத்தியமைத்த பிஸ்டனே இன்றைய டிரம்பெட்டிலும் உள்ளது. பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் இடையே மயிரிழையினும் குறைந்த இடைவெளிதான். அங்கே மெல்லிய வால்வு எண்ணெய் சில துளிகள் இடுவர். அஃது உராய்வைக் குறைப்பதோடு காற்றுக் கசிவையும் அடைக்கிறது. சுருதி கூட்டும் குழாயோ வைத்த இடத்தில் நிற்க வேண்டுவது. அதற்குக் கெட்டியான மசகே ஏற்றது. டிராம்போன் குழாய்க்குச் சிறிது களிம்பு தடவி, மேலே நீர் தெளிப்பர்.

மூச்சின் ஈரம் உள்ளே நீராகத் தங்கும். பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அவ்வீரம் மெல்ல அரித்துவிடும். மேலே செந்நிறப் புள்ளிகள் தோன்றுமாயின், குழாய் உள்ளிருந்தே கெட்டுவிட்டது என்று அறியலாம். ஊதி முடித்தவுடன் நீரை வடித்துவிடுவது இதனாலேயே.

மலேசியப் பள்ளி வாத்தியக் குழுக்களில் ஊதும் நம் மாணவர்க்கு வீட்டுப் பழக்கமே பகையாவதுண்டு. தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். குத்துவிளக்கைப் பளபளக்கச் செய்யும் புளி, டிரம்பெட்டின் மேற்பூச்சைக் கெடுக்கும். சாம்பலின் துகளோ வால்வு உறையைக் கீறிவிடும். கீறிய உறையில் எத்தனை துளி எண்ணெய் இட்டாலும் காற்று நில்லாது. இறுகிப்போன குழாயைக் குறடிட்டு இழுப்பதும் தகாது. மெல்லிய பித்தளை எளிதில் நெளிந்துவிடும். அதனைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் கையில் ஒப்படைப்பதே நன்று.