கல்லுக்கு ஒரு காப்பாளர், கலங்கியோர்க்கு யார்?

திருவண்ணாமலையிலே அண்ணாமலையாருக்கு நிலமுண்டு, நகையுண்டு. வழக்கு வந்தால் வாதாட வழக்கறிஞரும் உண்டு. பேசாத தெய்வத்தை உரிமைகள் உடைய ஓர் ஆளாகவே சட்டம் ஏற்கிறது. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள இயலாத சிறுவரைப் போலக் கருதி, அதன் சார்பில் நிற்க ஒருவரையும் அமர்த்துகிறது. அதே மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர்ப் பாதையில், மனம் கலங்கி, ஊர் மறந்து, பேர் மறந்து ஒருவன் நின்றால், அவன் சார்பில் பேச யார் வருவார்? கேலிக்காக நாம் எழுப்பும் வினா அன்று இது. வரலாறு எழுப்பும் வினா!

கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்தார் தம் குடும்பத் தெய்வத்தை முறைவைத்து வழிபட்டு வந்தனர். தம் முறை வரும்போது சிலையைத் தம் வீட்டுக்கே எடுத்துச் செல்லலாமா என்று வழக்கு எழுந்தது. 1925-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது என்ன? சிலை வெறும் உடைமை அன்று. அது எங்கே இருப்பது என்பதில் அதன் விருப்பமும் மதிக்கப்படவேண்டும். அவ்விருப்பத்தை எடுத்துரைக்க, வழக்கிலே ஆதாயம் ஏதுமற்ற ஒருவரை நியமிக்கவேண்டும் என்றது! பூசை செய்யும் குடும்பமே தெய்வத்தின் வாயாகிவிட முடியாது என்பதன்றோ இதன் பொருள்?

மனிதனுக்குக் கிடைத்ததென்ன? 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சொத்துடையவன் மனம் கலங்கினால் நீதிமன்றம் விசாரித்து, சொத்துக்கு மேலாளரையும் ஆளுக்குக் காப்பாளரையும் அமர்த்தலாம். வீதியில் திரிந்த ஏழைக்கோ போலீசு, மாஜிஸ்திரேட், பிறகு மனநோய் விடுதி!

2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் விடுதியொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றிக் கருகினர். மாண்டோர் 28 பேர். விடுதியில் அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பகைவரா? உறவினரே! அன்பும் அறியாமையும் கைகோத்தால் சங்கிலியும் மருந்தாகிவிடுகிறது.

2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. தன் சார்பாளரைத் தானே குறிக்கும் உரிமையை வழங்கியது. எவருமற்றவனுக்கு மறுஆய்வு வாரியம் ஒருவரை நியமிக்கலாம் என்றது. நன்று! ஆனால், குறிப்பிடாதவனுக்குப் பெரும்பாலும் உறவினரே சார்பாளர். அவருக்கே சொத்திலும் கண்ணிருந்தால்?

இங்கிலாந்து 2005-இல் இயற்றிய சட்டம் வேறொரு வழியும் கண்டது. கலந்துபேச உற்றார் இல்லாதவனுக்குப் பெரிய சிகிச்சையோ நெடுநாள் இருப்பிடமோ முடிவாகும்போது, தனித்தியங்கும் வாதாடுநர் ஒருவர் வருகிறார். அவர் முடிவெடுப்பதில்லை, அவன் விருப்பத்தைத் தேடி அறிந்து, முடிவெடுப்போரிடம் எடுத்துரைக்கிறார்.

அத்தகையோர் மாவட்டந்தோறும் வேண்டும் என்கிறோம். ஆதாயமற்ற ஒருவர் பேசட்டும் என்று 1925-லேயே சிலைக்குச் சொன்ன நீதியை, நோவும் பசியும் உடைய மனிதனுக்கு மறுப்பது எந்த நியாயம்?